விடுபட்ட பாத்தி

பிசானத்து அறுப்பில் ஒரு பாத்தி காணாமல் போயிற்று.
திருட்டு இல்லை. பன்றி இறங்கவில்லை. மயில்கூட
அந்த வாரம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போயிருந்தது.
காவல் வரிசையை அறுத்த கை
அதே வேகத்தில் ஒரு கயிற்றைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.
இரண்டாம் தொகுதி, ஏழாம் எண்
குவியலோடு சேர்ந்து பொது நெல் ஆகிவிட்டது.

லிடியா செல்வக்கனி மூன்றாவது மாடி ஏறி வந்தாள்.
முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
மூன்று வருடத்து ஒட்டு.
பூ விரியுமுன் உமியைக் கிள்ளித் திறந்து
இடுக்கியால் ஆறு மகரந்தப் பையையும் எடுத்து
காகித உறை மாட்டி
பென்சிலால் தேதி எழுதிய மூன்று வருடம்.
"சார், ஒரு கட்டம் காலியா இருக்கு" என்றாள்.
எக்செல் தாளைச் சொல்கிறாளா வயலையா என்று
எனக்குப் புரியவில்லை.

நான் இங்கே புள்ளியியல் பார்ப்பவன்.
இந்தப் பல்கலைக்கழகம் நெல் பண்ணையாய்த் தொடங்கியது
என்பதே லெட்டர்பேடு மூலையில் இருக்கும் கதிரைப் பார்த்துத்தான் தெரியும்.
கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த மேலவயலில்
இப்போது சர்வர் அறை குளிர்ந்துகொண்டிருக்கிறது.
ஐப்பசியில் அதன் தரை ஓரமாக ஈரம் ஊறும்.
எஞ்சினியர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு
எங்கிருந்து வருகிறது என்று எங்களையே கேட்டுப் போவார்கள்.

காலிக் கட்டத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு.
அந்தத் தொகுதியில் மிஞ்சியதைக் கூட்டி மூன்றால் பெருக்கு.
அந்த ரகம் வேறு இரண்டிடத்தில் தந்ததைக் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்கு.
சேர்த்து, மொத்தத்தைக் கழித்து, இருபத்திரண்டால் வகு.
மாப்பிள்ளையைப் பார்க்காமல்
அக்கம்பக்கத்திலும் கூடப்பிறந்தவர்களிடமும் விசாரித்துவிட்டுப்
பெண் கொடுக்கிற மாதிரி.
பன்னிரண்டு கிலோ, நானூற்று எழுபது கிராம்.

"இது என் நெல்லா, சார்?"
"பிழையில் எதையும் கூட்டாத நெல்" என்றேன்.
கணக்குப்படி உண்மை.
அப்படி ஒரு நெல்லை அவள் வயலில் கண்டதில்லை போலிருக்கிறது.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஒரு கையெழுத்துக்காகப் பண்ணை ஆபீசுக்கு இறங்கினேன்.
களத்தில் ஆவுடைத்தங்கம். கயிற்றைத் தாண்டிய கை அவளுடையது.
லிடியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பொது நெல்ல வெலைக்குப் போட்டாவல்லா,
ரெண்டு மரக்கா வாங்கிட்டுப் போனேன்.
பொங்கி எறக்குனா வெள்ளச் சோத்துக்குள்ள
அங்கொண்ணு இங்கொண்ணு செவப்பு.
கல்லுன்னுட்டுப் பொறுக்கிப் போட்டேன்.
பொறவு ஒண்ணக் கடிச்சிப் பாத்தா, சோறு.
ஏ பிள்ள, ஒன் ஏழாம் நம்பரு
எங்க வீட்டுல வெந்துட்டு."

லிடியா அழுவாள் என்று நினைத்தேன்.
"எப்படிக்கா இருந்துச்சி?" என்றாள்.
"பழையதுக்கு நல்லாருக்கு. மறுநா மத்தியானம் வரைக்கும் புளிக்கல."
அவள் களக்குறிப்பேட்டை எடுத்து
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:
மறுநாள் மதியம் வரை, புளிப்பு இல்லை.

என் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.
இட்டு நிரப்பிய எண்ணுக்கு மட்டும்
ஒரு அபராதம் வைத்திருக்கிறார்கள்:
பிழையின் சுதந்திரத்தில் ஒரு பாகையைக் கழிக்க வேண்டும்.
இருபத்திரண்டை இருபத்தொன்று ஆக்கினேன்.
12.47-க்கு மேல் ஒரு நட்சத்திரம்.
அடியில், சின்ன எழுத்தில், 'மதிப்பிடப்பட்டது'.

ஆறரை மணிப் பேருந்தில் ஆவுடைத்தங்கம் முன்சீட்டில் இருந்தாள்.
மடியில் தூக்குவாளி.
பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று வந்து மூடியை ஆட்டியது.
அந்தச் சிவப்பு மணிகளை எங்கே போட்டாள்,
எத்தனை இருந்தன,
எதையாவது கேட்கலாம் என்று சில்லறையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.
அவள் நிறுத்தம் வந்துவிட்டது.